டைப்-சியும் இரண்டு ரெசிஸ்டர்களும்

வணக்கம் சார். இசிஇ மூன்றாம் ஆண்டு மாணவன். ப்ராஜெக்ட்டுக்காக யூ.எஸ்.பி. டைப்-சி சாக்கெட் வைத்து ஒரு சின்ன போர்டு செய்கிறேன். ஸ்பெசிஃபிகேஷன் எங்கே கிடைக்கும்? நூற்றுக்கணக்கான பக்கம் என்கிறார்கள். நெட்டில் கிடைக்கும் சர்க்யூட்டை அப்படியே போட்டுக்கொள்ளலாமா? வெண்டர் ஐடி வாங்க வேண்டுமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

ஸ்பெக், யூ.எஸ்.பி. தரத்தை வகுக்கும் அமைப்பான யூ.எஸ்.பி. இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வெண்டர் ஐடி, அதாவது தயாரிப்பாளரை அடையாளம் காட்டும் எண், போர்டை விற்கப்போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது விடுங்கள்.

'அப்படியே போட்டுக்கொள்ளலாமா' என்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன்.

டைப்-சி பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் வேலை செய்கிறது. அதற்காகத்தான் சாக்கெட்டில் சிசி1, சிசி2 என்று, எதிரே என்ன செருகியிருக்கிறது, எந்தப் பக்கமாக என்று கண்டறிய இரண்டு பின்கள். மின்சாரம் வாங்கும் போர்டில், ஒவ்வொரு பின்னிலிருந்தும் கிரவுண்டுக்குத் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வேண்டும். அதைக் கண்ட பிறகே சார்ஜர் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி போர்டில் இரண்டு பின்னையும் இணைத்து ஒரே ரெசிஸ்டர் போட்டுவிட்டார்கள். சாதாரண கேபிளில் ஓடியது. உள்ளே சிப் வைத்த இ-மார்க் கேபிளில் என்ன ஆகும்? சிப் பக்கத்தின் 1 கிலோ ஓம் அளவு தடை இரண்டு பின்னிலும் தெரியும். சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று எடுத்துக்கொண்டு மின்சாரமே தராது. அப்புறம் வந்த போர்டுகளில் திருத்தினார்கள். கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி. 'ஒரு ரெசிஸ்டர் மிச்சம்டா' என்று உங்கள் வகுப்பிலும் ஒருவன் சொல்வான். கேட்காதீர்கள்.

நாங்கள் படித்தபோது சிப்களின் விவரம் அடங்கிய டேட்டா புக் எல்லாம் துறைத்தலைவர் அறை பீரோவில் பூட்டிக் கிடக்கும். சென்னை ரிட்சி தெருவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரர்தான் தன்னுடையதை எடுத்துக் கொடுத்து, கல்லா ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்ளச் சொல்வார். ஓரம் கிழிந்த பக்கம், பின் எண்கள் மேல் டீக்கறை. சாத்தும்வரை இருந்து எழுதுவோம். இன்று இலவசமாகக் கிடைப்பதைப் படிக்கச் சோம்பலா? எல்லாமே இப்படித் திறந்தும் கிடப்பதில்லை தம்பி. டிவி, மானிட்டரை இணைக்கும் ஹெச்டிஎம்ஐ 2.1-க்கு, சிப் நிறுவனமான ஏஎம்டி எழுதிய திறந்தமூல லினக்ஸ் டிரைவரை 2024-இல் ஹெச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதிக்கவில்லை.

முழுவதும் வேண்டாம். நான்காம் அத்தியாயத்தில் சிசி பற்றிய பகுதியை மட்டும், படங்களோடு, இரண்டு முறை படியுங்கள். போர்டு வந்ததும், ஒரு முனை பழைய யூ.எஸ்.பி.யாக உள்ள ஏ-டு-சி கேபிளில் விளக்கு எரிந்ததென்று குதிக்காதீர்கள். அந்தக் கேபிளில், போர்டில் ரெசிஸ்டரே இல்லாவிட்டாலும் எரியும். சி-டு-சி கேபிளில், இ-மார்க் உள்ளதிலும் இல்லாததிலும், இரண்டு பக்கமும் திருப்பிச் செருகிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.