கொட்டகையிலிருந்து ஜர்னலுக்கு: வாசகர் கேள்வி–பதில்

கால்நடை அறிவியல் ஜர்னல்களுக்குக் கட்டுரை எழுதி அனுப்புவது பற்றிக் கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில, இந்த இதழில்.

கேள்வி (முதுநிலை மாணவி, கொழிஞ்சாம்பாறை): அட்டப்பாடி கருப்பு ஆட்டுக் கிடாக்குட்டிகள் 12. ஆறாறாகப் பிரித்து இரண்டு பட்டியில் விட்டேன். ஒரு பட்டிக்கு வழக்கமான அடர்தீவனம். மற்றதில் தேங்காய்ப் புண்ணாக்கைப் பாதியாகக் குறைத்து அசோலா என்ற நீர்ப்பெரணி. 90 நாள். எடை கூடியதில் நல்ல வித்தியாசம். இரு குழுச் சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட்டிலும் தெளிவாக வந்தது. ஆனால் மதிப்பாய்வுக்கே அனுப்பாமல், 'ரெப்ளிகேஷன் இல்லை' (தனித்தனி அலகுகளில் சோதனையைத் திரும்பச் செய்யவில்லை) என்று ஒரே வாரத்தில் திருப்பிவிட்டார்கள். 12 ஆடு போதாதா?

பதில்: ஆடு 12 இருக்கிறது, சோதனை அலகு இரண்டுதான். நீங்கள் தீவனம் போட்டது பட்டிக்கு. ஆறு குட்டிகளும் ஒரே தொட்டியில் வாய் வைத்தன. முட்டித் தள்ளுகிற குட்டி நிறையத் தின்றிருக்கும், ஒதுங்கி நிற்கிறது மிச்சத்தைப் பொறுக்கியிருக்கும். ஒன்றின் எடை மற்றதைப் பொறுத்தே கூடியிருக்கும் என்பதால் அவற்றை ஆறு தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது. ஒரு தீவனத்துக்கு ஒரு பட்டி, ஆக எண்ணிக்கை ஒன்று. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் டி-டெஸ்ட் கிடையாது. மென்பொருள் விடை தரத்தான் செய்யும். அதற்கு உங்கள் பட்டியைத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. மேற்குச் சுவரை ஒட்டிய பட்டி எது? மாலை வெயில் ஒரு பட்டியில் மட்டும் விழுந்திருந்தால் அந்த வித்தியாசமும் தீவனத்தின் கணக்கில் ஏறிவிடும். அதைப் பிரித்தெடுக்க எந்தக் கணக்காலும் ஆகாது.

அதே 12 குட்டிகளை வேறு மாதிரி வைத்திருக்கலாம். மூங்கில் தட்டியால் தனித்தனி அறை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டி வைத்தால் ஒவ்வொரு குட்டியும் ஓர் அலகு. பிழையை மதிப்பிட 10 டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம் (மொத்த அலகுகளில் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தது) கிடைக்கும். தட்டியின் இடைவெளி வழியே குட்டிகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். தனிமையில் அடைத்த ஆடு கத்திக் கத்தித் தீவனத்தைத் தொடாது. அதற்கு வசதியில்லையா, அறைக்கு இரண்டு வீதம் ஆறு அறை, தீவனத்துக்கு மூன்று அறை. அப்போது கிடைப்பது 4 மட்டுமே. 5 சதவீத மட்டத்தில் டி மதிப்பு 2.228-ஐத் தாண்டினால் போதும் என்பது போய் 2.776-ஐத் தாண்ட வேண்டியிருக்கும். இன்னும் அறைகள் கூடினால் நல்லது.

குழு பிரித்த விதத்தையும் எழுதுங்கள். 'சமவாய்ப்பு முறையில் பிரிக்கப்பட்டன' என்ற ஒற்றை வரியை இப்போது யாரும் ஏற்பதில்லை. எடை வரிசையில் நிறுத்தி, அடுத்தடுத்த இரண்டை ஜோடியாக்கி, ஜோடிக்குள் நாணயம் சுண்டிப் பிரித்திருந்தால் அதை அப்படியே சொல்லுங்கள். எடை எடுத்தது காலையில், தீவனமும் தண்ணீரும் காட்டுமுன், அடுத்தடுத்த இரண்டு நாள் எடையின் சராசரி என்றால் அதையும்.

கையிலிருக்கும் தரவை வளர்ச்சி ஒப்பீடாக எந்த நல்ல ஜர்னலுக்கும் அனுப்ப வேண்டாம். அசோலாவின் சத்துப் பகுப்பாய்வு செய்திருந்தால் அதைத் தனியே ஒரு சிறு குறிப்பாக எழுதலாம். ஒப்பீட்டைத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும்.

கேள்வி (ஆராய்ச்சி உதவியாளர், குப்பம்): பட்டுப்புழு வளர்ப்பில் மிஞ்சும் மல்பெரி இலையை ஆட்டுக்குக் கொடுத்த ஆய்வு எங்களுடையது. 'ஆடு ஒன்று நாளொன்றுக்கு 1.6 கிலோ இலை உண்டது' என்று எழுதியிருந்தோம். உலர் பொருள் (ஈரம் நீக்கிய எடை) அடிப்படையில் தரச் சொல்கிறார் மதிப்பாய்வாளர். இலையின் உலர் பொருள் 28 சதவீதம். பெருக்கிப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பெரும்பாலான தீவனக் கட்டுரைகள் வழுக்கி விழுகிற இடம் இது. காலையில் ஓர் ஆட்டுக்கு 2 கிலோ இலை வைத்தீர்கள், மறுநாள் காலை 400 கிராம் மிச்சம் அள்ளினீர்கள் என்று கொள்வோம். வைத்தது 560 கிராம் உலர் பொருள். மிச்சம் இரவெல்லாம் வாடிக் கிடந்தது. அதில் உலர் பொருள் இப்போது 28 இல்லை, 45 ஆகியிருக்கும் என்று வையுங்கள். அப்படியென்றால் மிச்சத்தில் 180 கிராம். ஆடு தின்றது 380 கிராம். நீங்கள் சொல்கிறபடி 1.6 கிலோவை 28 சதவீதத்தால் பெருக்கினால் 448 வரும். 68 கிராம் கூடுதல், ஏறக்குறைய 18 சதவீதப் பிழை. செரிமானத் திறன், எடை கூடும் திறன் எல்லாம் இந்த எண்ணின் மேல்தான் நிற்கின்றன.

தின்னாமல் விட்டது பெரும்பாலும் காம்பும் முற்றிய தண்டும். அதன் புரதமும் நார்ச்சத்தும் கொடுத்த இலையின் அளவில் இருக்காது. ஆகவே மிச்சத்தையும் தனி மாதிரியாகப் பகுத்திருக்க வேண்டும். மிச்ச மாதிரி எடுத்து வைக்கவில்லை என்றால், உட்கொண்ட அளவைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டு, கொடுத்த அளவை மட்டும் 'கொடுத்தது' என்றே எழுதுங்கள்.

மாதிரியை 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை, சுமார் 48 மணி நேரம், உலர்த்தி 1 மி.மீ. சல்லடை வழியே அரைப்பது வழக்கம். நேரே 100 டிகிரிக்கு மேல் உலர்த்திய மாதிரியில் நார்ச்சத்துப் பகுப்பாய்வு செய்தால், வெந்துபோன புரதம் லிக்னினோடு சேர்ந்துகொண்டு எண்ணை ஏற்றிக் காட்டும். எந்தச் சூட்டில் உலர்த்தினீர்கள் என்று அடுத்த சுற்றில் கேட்பார்கள், இப்போதே எழுதிவிடுங்கள். புரதம் கணக்கிட, கெல்டால் முறையில் அளந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்குவது தீவனத்துக்குச் சரி. பாலுக்கு 6.38.

மல்பெரியில் இன்னும் சில சேதி வேண்டும்: ரகம் (வி1 என்றால் வி1), கவாத்துக்குப் பின் எத்தனையாவது நாள் பறித்தது, கடைசி மருந்தடிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள், இலை தோட்டத்திலிருந்து நேரே வந்ததா, புழுப் படுக்கையிலிருந்து அள்ளியதா. படுக்கையில் கிருமிநாசினித் தூள் தூவியிருப்பார்கள். 'மிஞ்சும் இலை' என்று மொட்டையாக எழுதினால் விஷயம் தெரிந்த மதிப்பாய்வாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

கேள்வி (கால்நடை மருத்துவர், அகளி, அட்டப்பாடி): விவசாயிகளின் ஆடுகளில் ரத்தம் எடுத்துச் செய்த ஆய்வு. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் கேட்கிறார்கள். இப்போது விண்ணப்பித்து வாங்கலாமா?

பதில்: முடியாது. ஆய்வு முடிந்தபின் பின்தேதியிட்டுத் தருவது அனுமதி ஆகாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியக் குழுவின் விதிப்படி, நிறுவன நெறிமுறைக் குழுவிடம் 'படிவம் பி'-யில் ஆய்வுத் திட்டத்தைக் கொடுத்து, ஒப்புதல் வந்தபிறகே ஊசி எடுக்க வேண்டும். தனிக் குழு இல்லாத இடத்தில் இருப்பவர்கள் மண்ணுத்தி, திருப்பதி, சென்னை போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் ஒன்றைக் கூட்டு நிறுவனமாகச் சேர்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்த வழி.

உங்கள் ரத்த மாதிரி நோய் கண்டறிய வழக்கமாக எடுத்ததன் மீதம் என்றால் நிலைமை வேறு. அதை உள்ளபடி எழுதி, குழுவிடம் விலக்குக் கடிதம் கிடைக்குமா என்று கேளுங்கள். ஆய்வுக்கென்றே எடுத்திருந்தால் 'வழக்கமாக எடுத்தது' என்று மாற்றி எழுதாதீர்கள். வெளியான பின்னும் கட்டுரையைத் திரும்பப் பெறவைக்கிற குற்றம் அது. உரிமையாளரின் சம்மதம் தனி. அட்டப்பாடியில் படிவத்தை மலையாளத்தில் அச்சடித்து நீட்டினால் மட்டும் போதாது. தமிழிலோ இருளர் மொழியிலோ சொல்லிப் புரியவைத்து வாங்கியதைக் கட்டுரையில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

எல்லாரும், விலங்கு ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும், 2020-இல் வந்த 'அரைவ் 2.0' நெறிகளின் பத்து முக்கிய அம்சங்களை, ஆய்வு தொடங்குமுன் ஒருமுறை படித்துவிடுங்கள். முடித்தபின் படித்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

கேள்வி (களியக்காவிளை): காலைப் பால் 5 கிலோ, கொழுப்பு 3.8 சதவீதம், மாலைப் பால் 3 கிலோ, கொழுப்பு 4.6 சதவீதம். சராசரி 4.2 என்று போட்டு, 4 சதவீதக் கொழுப்புக்குச் சரிசெய்த பால் 8.24 கிலோ என்று எழுதினோம். தவறு என்கிறார்கள்.

பதில்: தவறுதான். இரு வேளைப் பாலும் சம அளவு இல்லாதபோது சதவீதங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக்கூடாது. காலையில் கொழுப்பு 190 கிராம், மாலையில் 138. மொத்தம் 328 கிராம், அதாவது 4.1 சதவீதம். 4 சதவீதக் கொழுப்புக்குச் சரிசெய்ய, பாலை 0.4-ஆலும் கொழுப்பை 15-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 3.2 + 4.92 = 8.12 கிலோ. ஒரு மாட்டில் 120 கிராம் சின்னதாகத் தெரியும். உங்கள் இரு குழுக்களின் வித்தியாசமே அரை கிலோதான் என்றால் சின்னதல்ல. சங்கத்தில் லிட்டரில் அளந்திருந்தால் கிலோவுக்கு மாற்றியதையும் சொல்லுங்கள்.

அட்டவணை பற்றி ஒரு வார்த்தை: 100 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் நிறுத்துவிட்டு 18.347 கிலோ என்று எழுதுவது எடிட்டர் கண்ணில் முதலில் படும். பி மதிப்பை (உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் இந்த அளவோ அதற்கு மேலோ வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பை) 0.000 என்றும் எழுதாதீர்கள், 0.001-க்கும் குறைவு என்று எழுதுங்கள்.

கேள்வி (பலமனேர்): 'மூன்று நாளில் ஏற்பு, கேர் பட்டியலில் உள்ள ஜர்னல்' என்று மெயில் வருகிறது. நம்பலாமா?

பதில்: மூன்று நாளில் இரண்டு பேர் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து முடிப்பது அரிது. ஏற்கத்தக்க ஜர்னல்கள் என்று தொகுத்து வந்த கேர் பட்டியலை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2025-இல் கைவிட்டுவிட்டது. இன்னும் அதைக் காட்டி விளம்பரம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களில் நாஸ் (தேசிய வேளாண் அறிவியல் கழகம்) ஜர்னல்களுக்குத் தரும் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலின் நடப்பு ஆண்டுப் பதிப்பில் நீங்களே தேடுங்கள், ஜர்னல் தன் தளத்தில் போட்டுக்கொள்வதை நம்பாதீர்கள். அதைவிட நல்ல சோதனை, அந்த ஜர்னலின் கடைசி இரண்டு ஆண்டு இதழ்களைப் புரட்டுவது. உங்களைப் போன்ற கள ஆய்வு நாலைந்தாவது வந்திருக்கிறதா? கால்நடைக் கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் வங்கி மேலாண்மை இருந்தால் மூடிவிடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு ஜர்னலுக்கு அனுப்புவது கூடாது.

கேள்வி (நகரி): ஆய்வில் பங்கெடுக்காத துறைத் தலைவரின் பெயர் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். நன்றி நவிலலில் போடுங்கள். திட்டமிடல், தரவு, எழுத்து ஆகியவற்றில் பங்கும், இறுதி வடிவத்துக்குப் பொறுப்பும் ஏற்பவரே ஆசிரியர். ஆய்வு தொடங்கும்போதே வரிசையை எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் மனக்கசப்பு இல்லை.

கேள்வி (சித்தூர், பாலக்காடு): மதிப்பாய்வுக்குப் போகுமுன்பே தளத்திலிருந்து மூன்று முறை திரும்பி வந்துவிட்டது.

பதில்: அது அலுவலகச் சரிபார்ப்பு, அறிவியலை அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஆசிரியர் பெயர் மறைத்த மதிப்பாய்வு என்றால் தலைப்புப் பக்கம் தனி ஃபைல். பெயரை முதன்மை ஃபைலிலிருந்து எடுத்தாலும், வேர்டு ஃபைலின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். நன்றி நவிலலிலும் அனுமதி எண்ணிலும் கல்லூரிப் பெயர் எட்டிப் பார்க்கும். வரி எண் பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்காமல் தொடர்ச்சியாக ஓட வேண்டும். அட்டவணையைப் படமாக ஒட்டாதீர்கள். புகைப்படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்பார்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பி வாங்கிய படம் சுருங்கிப் போயிருக்கும், கேமராவிலிருந்து மூல ஃபைலை எடுங்கள். மொழி திருத்த ஏஐ கருவியைப் பயன்படுத்தியிருந்தால் ஜர்னல் கேட்கும் இடத்தில் அறிவியுங்கள்.

கேள்வி (திருப்பதியில் படிக்கும் குப்பம் மாணவர்): மதிப்பாய்வாளர் 23 குறைகள் எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் பதில் வேண்டும், எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவர் எழுதியதை அப்படியே நகலெடுத்து, கீழே உங்கள் பதில், அதன் கீழே மாற்றிய வாக்கியமும் புதிய வரி எண்ணும். 'திருத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அவர் 20 பக்கம் தேட வேண்டும். தேடிச் சலித்தவர் இரண்டாம் சுற்றில் கடுமையாக எழுதுவார்.

செய்யாத வேலையைக் கேட்டால் மழுப்ப வேண்டாம். 'சிறுநீர் நைட்ரஜன் ஏன் அளக்கவில்லை?' என்றால், 'சிறுநீர் சேகரிக்கவில்லை. ஆகவே நைட்ரஜன் பயன்பாடு மேம்பட்டது என்ற முடிவை நீக்கிவிட்டோம், செரிமானத் திறன் பற்றியது மட்டும் இருக்கிறது' என்று எழுதுங்கள். இரண்டு மதிப்பாய்வாளர்கள் எதிரெதிராகச் சொன்னால் ஒருவர் பக்கம் சாய்ந்துவிட்டு மற்றவருக்குக் காரணம் எழுதுங்கள், எடிட்டருக்கான கடிதத்திலும் அதைச் சொல்லுங்கள். கெடு போதவில்லை என்றால் கெடு முடியுமுன் மெயில் போட்டுக் கேளுங்கள். முடிந்த மறுநாள் அனுப்பினால் தளம் அதைப் புதுக் கட்டுரையாக எடுத்துக்கொண்டு, வேறு மதிப்பாய்வாளரிடம் முதலிலிருந்து தொடங்க வைத்துவிடக்கூடும்.