காசு மீனுக்கா, பனிக்கட்டிக்கா?

கேள்வி: வேலை முடிந்து வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடுகிறது. முள் பார்க்க நேரமில்லை என்று பாசா மீன் போன்லெஸ் பாக்கெட் அரைக் கிலோ வாங்கி, தேங்காய்ப்பால் ஊற்றிக் கெட்டியாகக் குழம்பு வைக்கப் பார்த்தேன். இறக்கும்போது குழம்பு தண்ணியாக ஓடுகிறது, மீன் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?
*வாசகி, ஈரோடு*

பதில்: கொஞ்சம் ஏமாற்று இருக்கலாம், மீதி பாசாவின் குணம்.

உறையவைத்த மீன் காய்ந்துபோகாமல் இருக்க மேலே மெல்லிசாகப் பனிப்பூச்சு கொடுப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பாக்கெட்டில் ‘நிகர எடை’ என்று போட்டிருக்கும் கணக்கில் அந்தப் பனி சேரக்கூடாது. சந்தேகம் வந்தால் வீட்டு எடை மெஷினிலேயே பார்த்துவிடலாம். உறைந்த துண்டை அப்படியே எடுத்துக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருப்பது கரைந்து, மீனின் சொரசொரப்பு விரலுக்குத் தட்டுப்படும். அந்த நிமிடமே துணியில் ஒற்றி எடை போடுங்கள். மீன் இளகும்வரை விட்டுவிட்டால் சதைக்குள் இருக்கும் நீரும் கசியும்; அதையும் பனிக்கணக்கில் சேர்த்தால் கடைக்காரர்மேல் வீண்பழி. நான் ஒருமுறை பார்த்தபோது 500 கிராம் என்று அச்சடித்திருந்த பாக்கெட்டில் 410 கிராம்தான் நின்றது. பில்லோடு போய்க் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டேதான், ஆனாலும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள்.

கடையில் பேசித் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எடைக் குறைவு நம் மாநிலத்தில் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சட்டமுறை எடையளவுப் பிரிவின் வேலை, அங்கேயும் எழுதலாம். பில், பேட்ச் எண் தெரிகிற மாதிரி பாக்கெட்டின் படம், தராசின் படம் மூன்றும் வேண்டும். குழம்பு வைத்து முடித்தபிறகு உங்கள் கையில் சாட்சி ஒன்றும் இல்லை.

பாக்கெட்டின் பின்பக்கப் பொடி எழுத்தில் பாலிபாஸ்பேட் என்றோ 451, 452 என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். சதையில் தண்ணீரைப் பிடித்துவைக்கச் சேர்ப்பது அது. அனுமதித்த பொருள்தான், ஆனால் தண்ணீருக்கும் மீன் விலை கொடுக்கிறோம்.

பாசாவே சதை இளகின மீன். பொரித்தால் சமாளிக்கும், தேங்காய்ப்பாலில் உடைந்து நீர் விடும். உங்கள் அவசரத்துக்கு என் தேர்வு ஜிலேபி மீன் (திலாப்பியா). விலை குறைவு, சதையில் ஊசிமுள் இல்லை, முதுகுமுள்ளை ஒட்டி இரண்டு பக்கமும் அறுத்துத் தரச் சொன்னால் அதுவே போன்லெஸ். கையில் காசு இருந்தால் விரால். கட்லா ருசிதான், ஆனால் சதைக்குள் கவட்டைமுள் ஓடும். குழந்தைகளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு அதைப் பொறுக்கிக் கொடுக்க யாரால் முடியும்?

விலையை ஒப்பிடும்போது ஒரு கணக்கு. கட்லாவுக்குத் தலை பெரிது. தலை, குடல், செதில் என்று மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். அப்படியென்றால் கிலோ 200 ரூபாய்க்கு வாங்கும் முழு மீனில், நீங்கள் தின்னும் துண்டு கிலோ 300 ரூபாய். ஆன்லைனில் வாங்கினால் ‘சுத்தம் செய்தபின் எடை’ என்று கீழே சின்னதாக இருக்கும் எண்ணை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

கேள்வி: உயிர்மீன் என்று நம்பி வாங்கிய ஜிலேபியில் சேற்று வாடை. கெட்டுப்போன மீனைத் தள்ளிவிட்டார்களோ?
*வாசகர், சேலம்*

பதில்: இல்லை. குளத்து நீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்று ஒரு பொருளை விடுகின்றன. முதல் மழையில் மண் மணக்கிறதே, அதே பொருள்தான். மீனின் கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும், உடம்புக்குக் கெடுதல் கிடையாது. கெட்ட மீன் என்றால் செவுள் வெளுத்திருக்கும், கண் குழிந்திருக்கும், அழுத்தின இடம் மேலே எழும்பாது.

தோலை உரித்து, வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி, எலுமிச்சைச் சாறோ புளித்தண்ணீரோ ஊற்றிக் கால்மணி நேரம் ஊறவையுங்கள். புளிப்பு அந்த வாடையை முறிக்கும். தேங்காய்ப்பால் குழம்புக்கு இது ரொம்ப அவசியம். மிளகாய், புளி போட்ட குழம்பில் மறைந்துவிடுகிற வாடை, வெள்ளைக் குழம்பில் பளிச்சென்று தெரியும். அடுத்தடுத்து அதே கடையில் அதே வாடை என்றால் சண்டை வேண்டாம், கடையை மாற்றுங்கள். மேட்டூர், பவானிசாகர் அணை மீன் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: பாக்கெட் தேங்காய்ப்பாலா, பவுடரா? எதை ஊற்றினாலும் எனக்குத் திரிந்துவிடுகிறது.
*வாசகி, திருச்சி*

பதில்: திரிவதற்கு பாக்கெட் காரணமில்லை, அடுப்புதான். சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்பு வைக்கத் தெரிந்தவர்களைக் கேளுங்கள், முதல் பால் ஊற்றியபின் கொதிக்க விடமாட்டார்கள். அரைக் கிலோ மீனுக்கு 200 மில்லி பாக்கெட் ஒன்று போதும். பாதியை அதே அளவு தண்ணீர் கலந்து இரண்டாம் பாலாக்கி, வதக்கின சின்ன வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாயோடு கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள். ஏழெட்டு நிமிடத்தில் வெந்துவிடும். மீதிப் பாலைத் தீயைக் குறைத்து ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிடுங்கள். எலுமிச்சை பிழிவது அதற்கும் பிறகுதான்.

வாங்கும்போது கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 100 மில்லியில் பத்து கிராமுக்குக் கீழே என்றால் அது தண்ணிப்பால், குழம்பு கெட்டிப்படாது. பவுடரில் பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளும் பாலிலிருந்து எடுத்த புரதமும் கலந்திருக்கும்; வீட்டில் பால் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். பிரித்த பாக்கெட்டில் மிஞ்சியதை அப்படியே ஃபிரிட்ஜில் சொருகி வைக்காமல் ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவையுங்கள். அடுத்த வாரம் இரண்டு கட்டி எடுத்துப் போட்டால் போதும்.