மூன்று கடை சிட்ரிக் ஆசிட், 18 பாட்டில்

அம்மா, வணக்கம். "மத்த பிள்ளைங்க ஏஐ, ரோபோன்னு புராஜெக்ட் பண்றாங்க. என் பொண்ணு மூணு கடை சிட்ரிக் ஆசிட்டை வாங்கி நன்னாரி சர்பத்துல கலக்கிட்டு இருக்கா. யார் வேலை கொடுப்பா?" என்று போனில் கேட்டீர்கள். கடலூர் சிப்காட்டோ, புதுச்சேரி சேதராப்பட்டோ, சரக்கு வாங்கிப் பொருள் செய்கிற எந்தக் கம்பெனிக்கும் இந்தக் கேள்வி வரும்: விலை குறைந்த சப்ளையருக்கு மாறலாமா, மாறினால் அளவைக் கூட்டணுமா? அதற்குப் பதில் கண்டுபிடிக்கிறவருக்குத்தான் லேபில் இடம். தலைப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

என் கவலை உங்கள் பொண்ணு நோட்டைப் பார்த்த பிறகு வந்தது. திங்கள் ஒரு கடைச் சரக்கு, செவ்வாய் இன்னொன்று, புதன் மூன்றாவது. வித்தியாசம் வந்தால் அது கடையாலா, நாளாலா? பிரிக்கவே முடியாது. லேபில் வேலை பார்த்த காலத்தில் நானும் இதே தப்பைச் செய்தவன்தான். ஒரு சப்ளையர் சரக்கில் செய்த லிக்விட் சோப்பைக் காலையில் பார்த்தேன், அடுத்தவருடையதை மே மாத மத்தியானத்தில். தண்ணியாக ஓடியது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். சூட்டில் எந்தச் சோப்பும் இளகும் என்பது மறுநாள்தான் உறைத்தது.

மூன்று கடை, லிட்டருக்கு 1, 2, 3 கிராம் என மூன்று அளவு, ஆக ஒன்பது. எல்லாவற்றையும் இரண்டு முறை செய்தால் 18 பாட்டில். குறைந்த அளவில் ஒன்றுபோல இருக்கும் சரக்கு, கூடின அளவில் வேறுபடலாம். அதனால் ஒன்பதில் எதையும் விடக்கூடாது. நாளின் பாதிப்பு ஒரே கடை மேல் விழாமல் இருக்க, கலக்கும் வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுக்கட்டும். ருசி பார்ப்பவருக்குப் பாட்டில் எண் போதும், கடைப் பெயர் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு பாக்கெட்டில் 'மோனோஹைட்ரேட்' (படிகத்திலேயே தண்ணீர் சேர்ந்தது) என்றும் மற்ற இரண்டில் 'அன்ஹைட்ரஸ்' (தண்ணீர் சேராதது) என்றும் போட்டிருந்தது. முதலாவதில் எடையில் சுமார் 8.6 சதவீதம் தண்ணீர். 2 கிராம் நிறுத்தால் ஆசிட் 1.83 கிராம்தான், 2.19 கிராம் போட்டால்தான் மற்றதன் 2 கிராமுக்குச் சமம். இதைக் கவனிக்காமல் 'அந்தக் கடைச் சரக்கு வீக்' என்று எழுதியிருப்பாள், பாவம் கடைக்காரர்! காலேஜ் லேபில் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து டைட்ரேஷன் (ஆசிட் முழுக்கத் தீரும்வரை காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளப்பது) செய்தால் உள்ளே இருக்கும் ஆசிட் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இன்டர்வியூவில் "ஏன் 18?" என்று கேட்பார்கள். சர்பத் ருசியை விட்டுவிட்டு, இந்தக் கணக்கையும் சீட்டுக் குலுக்கிய காரணத்தையும் அவள் சொல்லட்டும். ஒரே பாக்கெட்டை வைத்து ஒரு கடையை எடைபோடக் கூடாது. லாட் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குப் போடும் எண்) வேறாக இருக்கிற இன்னொரு பாக்கெட்டும் வாங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வரும்போது எல்லாப் பாக்கெட்டையும் லேபிள் கிழியாமல் கொண்டுவரட்டும், அதைப் பார்க்கணும்.