கேமரா கேள்வி பதில்: ஆறு நல்ல போட்டோ சேர்ந்தா ஒரு பேனல் ஆயிடுமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல பேனல் பத்திதான். கிளப் போட்டி சீசன் போல. அதனால மத்த கேள்விகளை அடுத்த மாசத்துக்கு தள்ளிட்டு இதை மட்டும் பேசிடலாம்னு உக்காந்துட்டேன்.

ஒரு வாசகி கேக்குறாங்க: எங்க கிளப்ல வருஷா வருஷம் பேனல் போட்டி நடக்கும், ஒரே தீம்ல ஆறு போட்டோ. நான் "தண்ணீர்"னு தீம் எடுத்து அருவி, இலை மேல ஒரு சொட்டு, ஆத்துல ஓடம், மழையில குடை, குளிக்கிற குழந்தை, லாங் எக்ஸ்போஷர்ல கடல்னு ஆறு வெச்சேன். ஆறுல நாலு ஏற்கனவே ஒத்தைப் படப் போட்டியில பரிசு வாங்கினது சார். ஜட்ஜ் பாத்துட்டு "ஆறும் நல்ல படம், ஆனா பேனல் இல்லை"னு ஒரே வரியில முடிச்சிட்டார். அப்படின்னா என்ன அர்த்தம்? ரெண்டு நாளா மனசே சரியில்லை.

மனசு கஷ்டப்படறது நியாயம்தான்மா, ஆனா அவர் சொன்னது சரியான வார்த்தை, விளக்காம போனதுதான் தப்பு. நீங்க வெச்சது ஆறு படம். பேனல்ங்கறது ஒரே படம், அது ஆறு துண்டா இருக்கு, அவ்ளோதான். ஜட்ஜ் முதல்ல தள்ளி நின்னு மொத்தத்தையும் ஒரே பார்வையில பாப்பார், அப்புறம்தான் கிட்ட வந்து ஒவ்வொண்ணா பாப்பார். தள்ளி நிக்கறப்போ உங்களோடது எப்படி தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சு பாருங்க, ஒண்ணு பச்சை, ஒண்ணு நீலம், ஒண்ணு மேக்ரோ (ரொம்ப கிட்டத்துல எடுத்தது), ஒண்ணு ரொம்ப தூரத்துல எடுத்தது, ஒண்ணுல ஆள் இருக்கு ஒண்ணுல இல்லை. எல்லாத்துலயும் தண்ணி இருக்கு, அதைத் தவிர ஒண்ணுக்கொண்ணு பேசிக்க எதுவுமே இல்லை.

தண்ணிங்கறது தீம் இல்லைங்க, அது ஒரு பொருள். அதைப் பத்தி நீங்க என்ன சொல்ல வர்றீங்கங்கறதுதான் தீம். உங்க ஆறுல எனக்கு பிடிச்சது அந்த மழைக் குடை, ஏன்னா அதுல ஒரு மனுஷன் என்னமோ செய்யறான், மழையிலேர்ந்து தப்பிக்கப் பாக்குறான். அதையே பிடிச்சுக்கிட்டு "மழைக்கு ஒதுங்குறவங்க"ன்னு போங்க. ஒரு குடைக்குள்ள ரெண்டு பேர், தலை மேல பேப்பரை பிடிச்சுக்கிட்டு ஓடுறவர், மரத்தடியில சைக்கிளோட நிக்கிறவர், பஸ் ஸ்டாப்ல நெருக்கியடிச்சுக்கிட்டு ஒரு கூட்டம், கதவு இடுக்குல வெளிய எட்டிப் பாக்குற பாட்டி, கடைசியா ஒதுங்கவே ஒதுங்காம நனைஞ்சுக்கிட்டு நிக்கிற ஒரு பொடியன். இப்போ அந்த பொடியன் மத்த அஞ்சு பேரும் இருக்கறதாலதான் அழகா இருக்கான் பாருங்க, தனியா மாட்டினா அது சாதாரண மழைப் படம். இதைத்தான் பேனல்னு சொல்றது.

பக்கத்துல என்ன இருக்குங்கறது ஒரு படத்தோட அர்த்தத்தையே மாத்திடும். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல லெவ் குலெஷோவ்னு ஒரு சினிமா டைரக்டர் ஒரு நடிகரோட ஒரே முகத்தை, எந்த உணர்ச்சியும் காட்டாத முகம், ஒரு கிண்ணம் சூப் பக்கத்துல, ஒரு சவப்பெட்டி பக்கத்துல, ஒரு பொண்ணு பக்கத்துலன்னு மாத்தி மாத்தி ஒட்டிக் காட்டினார். பாத்தவங்களுக்கு முதல்ல பசி தெரிஞ்சுது, அப்புறம் துக்கம், அப்புறம் ஆசை. முகம் மட்டும் மாறவே இல்லை. பேனல் அடுக்குறவங்க எல்லாரும் இதை மனசுல வெச்சுக்கணும்.

கதை மாதிரி இருந்தாத்தான் பேனலா? நான் எடுக்கறது எல்லாம் பழைய கதவுகள், கதவுல என்ன கதை சொல்ல முடியும்?

கதையே வேண்டாம், கதவு தாராளமா போதும். ஜெர்மனியில பெர்ண்ட் பெக்கர், ஹில்லா பெக்கர்னு ஒரு தம்பதி, 1959-லேர்ந்து சேர்ந்து வேலை செஞ்சவங்க, தண்ணி டேங்க், உலை, கேஸ் டேங்க் இந்த மாதிரி தொழிற்சாலை கட்டடங்களை மட்டும் பல வருஷமா எடுத்தாங்க. எல்லாமே கறுப்பு வெள்ளை, வானம் மூடியிருக்கிற நாள்ல நிழலே விழாத வெளிச்சம், நேருக்கு நேரா நின்ன கோணம், ஃப்ரேம்ல கட்டடம் ஒரே அளவு. அப்படி எடுத்ததை கட்டம் கட்டமா அடுக்கி மாட்டினாங்க. ஒரு டேங்க் படத்தை தனியா பாத்தா அது ஒரு டேங்க், ஒன்பது டேங்க் வரிசையா இருந்தா ஒவ்வொண்ணோட காலும் தலையும் எப்படி வித்தியாசமா இருக்குன்னு கண்ணு தானா தேட ஆரம்பிச்சிடும். 1990-ல வெனிஸ் பியன்னாலேங்கற கலைக் கண்காட்சியில அவங்களுக்கு கிடைச்ச பரிசு எதுக்கு தெரியுமா, சிற்பத்துக்கு!

அதனால கதவு எடுக்கறதுன்னா இதே கண்டிப்பு வேணும். நேரா நின்னு எடுத்தா எல்லாத்தையும் நேரா எடுங்க, கதவு நிலை ஃப்ரேமுக்கு சமமா நிக்கணும், ஒண்ணு வெயில்ல ஒண்ணு நிழல்லன்னு இருக்கக்கூடாது. எவ்ளோ கண்டிப்பா எடுக்குறீங்களோ அவ்ளோ தூரம் சின்ன வித்தியாசம் கூட பெருசா தெரியும், ஒரு பூட்டு, உரிஞ்ச பெயிண்ட், சாத்தியும் சாத்தாம இருக்கிற ஒரு கதவு.

நாப்பது படம் வெச்சிருக்கேன், ஆறாக்க முடியல. எதை எடுக்கறது எதை விடறது?

முதல்ல கம்ப்யூட்டரை மூடுங்க. நாப்பதையும் 4க்கு 6 இன்ச்ல மலிவா பிரிண்ட் போட்டு தரையில பரப்புங்க. ராபர்ட் ஃபிராங்க்னு ஒரு போட்டோகிராபர் 1955, 56-ல அமெரிக்கா பூரா சுத்தி 767 ரோல், ஏறக்குறைய 27,000 ஃப்ரேம் எடுத்துட்டு, அதுல ஆயிரம் போல சோதனை பிரிண்ட் போட்டு வீட்டுச் சுவத்துலயும் தரையிலயும் பரப்பி வெச்சு கழிச்சுக் கழிச்சு கடைசியா தன்னோட புத்தகத்துல வெச்சது 83 தான். அவருக்கே சுவரு தேவைப்பட்டுது, நமக்கு தரையாவது வேணும். ஸ்க்ரீன்ல ஒண்ணு ஒண்ணா தள்ளிப் பாத்தா ஒவ்வொரு படமும் நல்லாத்தான் தெரியும், பக்கத்துல பக்கத்துல வெச்சாத்தான் எது எதோட ஒட்டுது, எது முறைச்சுக்கிட்டு நிக்குதுன்னு புரியும்.

பரப்பினப்புறம் ஒரே விஷயத்தை சொல்ற ரெண்டு படம் இருக்கான்னு பாருங்க, இருந்தா ஒண்ணுதான் தங்கணும், கோணம் வேற வேறன்னு காரணம் சொல்லாதீங்க. பத்து பன்னெண்டா குறைஞ்சதும் ஒவ்வொண்ணா கையால மூடிப் பாருங்க. மூடினா அந்த இடம் காலியா தெரிஞ்சா அந்தப் படம் வேணும். மூடியும் ஒண்ணும் குறையலைன்னா, அது எவ்ளோ நல்ல படமா இருந்தாலும் இந்த பேனலுக்கு வேண்டாம்.

இதுல கஷ்டமே நமக்கு ரொம்ப பிடிச்ச படத்தை எடுத்து ஓரமா வைக்கறதுதான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க. நான் ஒரு தடவை மண்பாண்டம் செய்யற கைகள்னு ஒரு பேனல் வெச்சேன், அஞ்சு படத்துல வெறும் கை, ஆறாவதா அந்த பெரியவரோட முகம். அந்த முகம் எனக்கு உசுரு, பக்கவாட்டு வெளிச்சத்துல சுருக்கம் சுருக்கமா அப்படி இருக்கும். ஜட்ஜோட கண்ணு நேரா முகத்துக்கு போச்சு, அங்கேயே நின்னுடுச்சு, கைகளை யாரும் பாக்கவே இல்லை. முகம் எங்க இருந்தாலும் மனுஷன் கண்ணு முதல்ல அங்கதான் போகும், அதை நான் மறந்துட்டேன். அடுத்த வருஷம் முகத்தை எடுத்துட்டு, வேலை முடிஞ்சு ஈரக் கையை துணியில தொடைக்கிற ஒரு படத்தை வெச்சேன், தனியா பாத்தா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. ஆனா பேனல் அப்போதான் அடங்கி உக்காந்துச்சு. முகப் படத்தை ஒத்தைப் படப் போட்டிக்கு அனுப்பினேன், அதுக்கான இடம் அதுதான்.

எந்தப் படத்தை எங்க வைக்கணும்னு ஏதாவது ரூல் இருக்கா?

ரூல்னு இல்லை, கண்ணு எப்படி நகருதுங்கறதை புரிஞ்சுக்கிட்டா போதும். இடதுலேர்ந்து வலதுக்கு படிக்கிறவங்க படத்தையும் அப்படித்தான் படிப்பாங்க, அதனால இடது ஓரத்துல இருக்கறவர் வலது பக்கம் பாக்கணும், வலது ஓரத்துல இருக்கறவர் இடது பக்கம் பாக்கணும், ரெண்டு ஓரமும் உள்ள பாத்தா பாக்குறவங்க கண்ணு வெளிய ஓடாது. ஓரத்துல இருக்கறவர் வெளிய பாத்தா நாமளும் அவரோட சேர்ந்து வெளிய போயிடுவோம். இதுக்காக படத்தை கண்ணாடி மாதிரி திருப்பிப் போடற வேலை மட்டும் வேண்டாம், எழுத்து இருந்தா அசிங்கமாயிடும், இயற்கை, செய்தி மாதிரி பிரிவுகள்ல அது ஏமாத்தும் கூட.

வெளிச்சமும் அப்படித்தான், ரொம்ப வெளுத்த வானம் இருக்கிற படத்தை மூலையில வெச்சா பேனல்ல அந்த மூலை கிழிஞ்சு போன மாதிரி தெரியும், கனமா இருட்டா இருக்கிறதை மூலைக்கும் கீழ் வரிசைக்கும் கொண்டு போங்க. மூணு மூணா ரெண்டு வரிசைன்னா நடுப் படம் ரெண்டும் தூண் மாதிரி, அங்க பலமானதும் அமைதியானதுமா வைங்க. ஒரே ஒரு வெர்ட்டிகல் படம் இருந்தா அது நடுவுலதான் இருக்க முடியும், ரெண்டு இருந்தா ரெண்டு ஓரம், இப்படி தராசு மாதிரி பாக்கணும். ஆறும் ஒரே வரிசைன்னா இன்னொரு விஷயம், தொடுவானக் கோடு. ஒண்ணுல மேல ஒண்ணுல கீழன்னு இருந்தா தள்ளி நின்னு பாக்கறப்போ படி மாதிரி ஏறி இறங்கும், கொஞ்சம் கிராப் பண்ணி ஒரே மட்டத்துக்கு கொண்டு வந்தா அவ்ளோ நிம்மதியா இருக்கும். தலையோட அளவையும் கவனிங்க, நாலு பேர் முழு உருவமா நிக்கறப்போ ஒருத்தர் மட்டும் தலையும் தோளுமா பெருசா வந்தா அது கத்துற மாதிரி இருக்கும். வேணும்னே கத்த வைக்கறதுன்னா நடுவுல வைங்க.

அடுக்கினதும் கண்ணை பாதி மூடிக்கிட்டு பாருங்க, அப்புறம் மொத்தத்தையும் போன்ல போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்தி தலைகீழா திருப்பி பாருங்க. என்ன படம்னு தெரியாதப்போதான் எந்த பக்கம் சாயுதுன்னு தெரியும். ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலையில வந்து பாக்கறதும் நல்லது.

அஞ்சு கலர், ஒரு கறுப்பு வெள்ளை, வைக்கலாமா?

வேண்டாம். மங்கலான கலர் படத்தை காப்பாத்தத்தான் பெரும்பாலும் அந்த ஒண்ணை கறுப்பு வெள்ளை ஆக்குவோம், ஜட்ஜுக்கு அது உடனே தெரியும். எல்லாத்தையும் மாத்துங்க, இல்லை ஒண்ணையும் மாத்தாதீங்க. மோனோ (கறுப்பு வெள்ளை) பிரிவுல போட்டா இன்னொண்ணு, சர்வதேச போட்டோ கலை கூட்டமைப்பான ஃபியாப்போட விளக்கப்படி கறுப்பு வெள்ளைப் படம் முழுக்க ஒரே நிறத்துல டோன் பண்ணினா, அதாவது சாயல் ஏத்தினா, அது மோனோதான், பாதி மட்டும் டோன் பண்ணினாலோ ஒரே ஒரு கலரை சேர்த்தாலோ அது கலர் படமாயிடும். ஆறுல ஒண்ணு செபியா (பழுப்புச் சாயல்), அஞ்சு சாம்பல்னு வெச்சா விதிப்படி சரியா இருக்கலாம், பாக்க பேனலா இருக்காது.

மவுண்ட் (படம் ஒட்டற அட்டை), பார்டர் எப்படி?

கண்ணுக்கே தெரியாத மாதிரி. ஒரே அளவு, ஒரே நிறம், அடியில மட்டும் மார்ஜின் ஒரு துளி அதிகமா விட்டா படம் கீழ வழுக்கற மாதிரி தோணாது. ஆறையும் ஒரே பேப்பர்ல ஒரே மெஷின்ல ஒரே நாள்ல பிரிண்ட் போடுங்க, ஒண்ணு கெட்டுப் போனா அது மட்டும் மறுபடி போட்டு பக்கத்துல வெச்சு நிறம் ஒத்துப் போகுதான்னு பாத்துட்டு ஒட்டுங்க. ஒயிட் பேலன்ஸை (படத்தோட மொத்த நிறச் சாயலை) பிரிண்டுக்கு முன்னாடியே எல்லா படத்தையும் ஒண்ணா திறந்து வெச்சு சரி பண்ணிடணும், தோல் நிறம் ஒண்ணுல மஞ்சள் ஒண்ணுல சிவப்புன்னா வெவ்வேற நாள்ல எடுத்தது அப்பட்டமா தெரியும். ஸ்க்ரீன்ல காட்டுற போட்டின்னா ஒரே ஃபைலுக்குள்ள ஆறும் போகணும், அப்போ ஒவ்வொண்ணும் ரொம்ப சின்னதாயிடும், அதனால நுணுக்கத்தை நம்பி நிக்கிற படத்தை விட்டுட்டு உருவம் பளிச்னு தெரியறதை எடுங்க.

பேனலோட ஒரு குறிப்பும் எழுதிக் கேக்குறாங்க, என்ன எழுதறது?

இங்கிலாந்துல 1853-ல ஆரம்பிச்ச ராயல் போட்டோகிராபிக் சொசைட்டியில பட்டம் வாங்க இதே வழிதான், முதல் படிக்கு 10 படம், அசோசியேட்டுக்கு 15, ஃபெலோவுக்கு 20. மேல் ரெண்டுக்கும் 150 வார்த்தைக்குள்ள நோக்கத்தை எழுதணும், எழுதினது படத்துல இருக்கான்னுதான் பாப்பாங்க. அதனால படத்துல இல்லாத பெரிய வார்த்தை எதையும் எழுதாதீங்க, "மனிதகுலத்தின் ஆழ்ந்த தனிமை"ன்னு எழுதிட்டு அஞ்சு படத்துல கூட்டமா சிரிச்சுக்கிட்டு இருந்தா வம்பு. யார், எங்க, நீங்க எதுக்கு எடுத்தீங்க, எதைப் பாக்கச் சொல்றீங்க, நாலே வரி. இந்தக் குறிப்பை படம் பொறுக்குறதுக்கு முன்னாடியே எழுதிப் பாருங்களேன், நாலு வரி வரலைன்னா தீம் இன்னும் உங்களுக்கே பிடிபடலைன்னு அர்த்தம்.

எல்லாம் சரியா வந்துடுச்சு, ஒரு படம் மட்டும் லேசா ஷேக் ஆகி மங்கலா இருக்கு. மறுபடி எடுக்க நேரம் இல்லை, விட்டுடலாமா?

விடாதீங்க, பேனலுக்கு மார்க் போடறப்போ அந்த ஒண்ணுலதான் கை வைப்பாங்க. உங்க கிளப் விதியை எடுத்துப் படிங்க, நாலுலேர்ந்து ஆறு வரைக்கும்னு இருந்தா அஞ்சா குறைச்சு நடுவுல பலமான படத்தை வெச்சு மறுபடி அடுக்குங்க. ஆறு கண்டிப்புன்னா கழிச்சுப் போட்டதையெல்லாம் திரும்ப தரையில பரப்புங்க, அந்த ஷேக் ஆன படம் செய்யற வேலையை அதுல ஒண்ணு அமைதியா செய்யும்.