பீக்கன் தருகிறார்கள் என்பதற்காக நம்பிப் போகலாமா?

கேள்வி: பிப்ரவரியில் குல்மார்க் போகிறேன். ஸ்கீயிங் ஓரளவு வரும். கொண்டோலாவில் (கேபிள் கார்) அபர்வத் மலையின் உச்சிக்கு அருகே வரை ஏறி, பாதுகாப்புக் குழுவின் ரோந்து எல்லைக்கு வெளியே இறங்கலாம் என்கிறார் ஏஜென்ட். பீக்கன் (பனியில் புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி) தருவதால் பயமில்லையாம். நம்பலாமா?

பதில்: பீக்கன் பனிச்சரிவைத் தடுக்காது. புதைந்த பிறகு நீங்கள் கிடக்கும் இடத்தைக் காட்டும், அவ்வளவே. கூட வருபவரிடமும் ஒரு பீக்கன், பனிக்குள் குத்தித் தேடும் 240 செ.மீ. நீள ப்ரோப் கம்பி, உலோக மண்வாரி மூன்றும் இருந்து, அவருக்குக் கையாளவும் தெரிந்தால்தான் பயன். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோண்டி எடுத்தாக வேண்டும். கீழிருந்து மீட்புக்குழு வர அதற்குள் நேரமிருக்காது.

முன்பணம் கொடுக்குமுன் கருவியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று ஆன்டெனா உள்ள டிஜிட்டல் பீக்கனா? உள்ளே புது ஆல்கலைன் பேட்டரியா? செலவை மிச்சம் பிடிக்க ரீசார்ஜ் பேட்டரியைப் போட்டுத் தருபவர்கள் உண்டு. மிச்ச சார்ஜைக் கருவி தப்பாகக் காட்டும், குளிரில் சட்டென்று நின்றும் போகும். ஒரு பீக்கனைப் பனியில் புதைத்துவிட்டு, வழிகாட்டியைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அந்த ஆள் வேண்டாம்.

பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில்தான் பனிப்பலகை (பலகைபோல் இறுகிய பனி அடுக்கு) பெயர்கிறது; ஆளைப் புதைப்பது அநேகமாக அதில் இறங்குபவரின் எடையால் பெயர்ந்ததுதான். அப்படியானால் 30-க்குக் கீழே கவலையில்லையா? இங்கேதான் ஏமாறுகிறார்கள். நீங்கள் நிற்கும் இடம் சமதளமாக இருக்கலாம். தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இருந்தால் அங்கே பெயர்ந்தது உங்கள்மீதுதான் வந்து விழும். கிலன்மார்க் புல்வெளி தட்டையானது, ஆனால் அபர்வத்தின் அடிவாரம். அங்கே உட்கார்ந்து டீ குடிக்காதீர்கள், கடந்து போய்விடுங்கள்.

அரசு எச்சரிக்கையோ பாரமுல்லா மாவட்டம் முழுவதற்கும் ஒரே வரி: இத்தனை மீட்டருக்கு மேல், இந்த அளவு அபாயம். எந்தத் திசைச் சரிவு, காற்று எங்கே பனியைக் குவித்திருக்கிறது என்பதெல்லாம் இருக்காது. ஸ்கீக்காரருக்கு வேண்டியதே அதுதான். 2023 பிப்ரவரியில் இரண்டு போலந்துக்காரர்களும், அடுத்த பிப்ரவரியில் ஒரு ரஷ்யரும் இந்த மலையில் இறந்த பிறகாவது மாற்றியிருக்க வேண்டாமா?

ஒரே நாளில் 30 செ.மீ. பனி விழுந்து காற்றும் அடித்திருந்தால் மறுநாள் எல்லைக்கு வெளியே போகாதீர்கள். காலடியில் பனி 'உம்ப்' என்று அமுங்கினால் திரும்பிவிடுங்கள். சரிவில் ஒருவர் இறங்கி ஒதுங்கிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும்.

'அன்று வராவிட்டால் பணம் திரும்பாது' என்ற நிபந்தனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கட்டிய பணத்துக்காகவே மோசமான நாளில் மேலே ஏறுகிறவர்கள் உண்டு. நாளை மாற்றிக்கொள்ளும் உரிமையை முதலிலேயே எழுதி வாங்குங்கள்.