பழைய கோர்னெட்டை ஊதிப் பார்க்காமல் வாங்கலாமா?

கேள்வி: படிவம் இரண்டில் பயிலும் என் மகன் பள்ளி இசைக்குழுவில் சேர்ந்திருக்கிறான். எங்கள் தோட்டத்தில் முன்பு பேண்டு வாசித்த பெரியவர் ஒருவர், இங்கிலாந்தில் செய்யப்பட்ட தம் பழைய கோர்னெட்டை (டிரம்பெட்டைப் போன்ற பித்தளை ஊதுகருவி) 900 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொல்கிறார். பார்வைக்குப் பளபளவென்று இருக்கிறது. எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: பளபளப்பை நம்பி விலை பேசாதீர்கள், புளி போட்டுத் துலக்கினால் எந்தப் பித்தளையும் மின்னும். முதலில் பார்க்க வேண்டியது சுருதி, ஏனென்றால் மற்றக் குறைகளைப் பெரும்பாலும் பழுதுபார்த்துவிடலாம், இதைச் சரிசெய்வது கடினம். பிரிட்டனின் பித்தளை வாத்தியக் குழுக்கள் 1960களின் நடுப்பகுதி வரை, ‘ஏ’ சுரம் ஏறத்தாழ 452 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் உயர்ந்த சுருதியிலேயே வாசித்து வந்தன. இன்று வழக்கிலுள்ள சுருதி 440. இவ்விரண்டுக்கும் இடையே அரைச்சுரத்தில் ஏறத்தாழப் பாதி வேறுபாடு இருப்பதால், அந்த உயர்ந்த சுருதிக்கென்று செய்யப்பட்ட கோர்னெட்டோடு உங்கள் மகன் குழுவில் அமர்ந்தால் எவ்வளவு நன்றாக ஊதினாலும் அவன் ஒலி தனியாகவே துருத்தி நிற்கும். பிரதான ஸ்லைடை, அதாவது இழுத்து நீட்டக்கூடிய குழாய்ப் பகுதியை, மிக நீளமாக இழுத்தால் சுருதி இறங்கும், ஆனால் விரலால் வால்வுகளை அழுத்தி எழுப்பும் சுரங்கள் அப்போது பிசகிவிடும்.

ஆகவே, இயன்றால் இசைக்குழு ஆசிரியரையும் உடன் அழைத்துக்கொண்டு, கைப்பேசியில் சுருதியை அளந்து காட்டும் ட்யூனர் செயலியோடு செல்லுங்கள். பெரியவரை முதலில் வாசிக்கச் சொல்வது மரியாதை. ஆயினும் பல ஆண்டு பழகிய உதடு கருவியின் பிசகைத் தன்னையறியாமலே சரிக்கட்டிவிடும் என்பதால், மகனும் கட்டாயம் ஊத வேண்டும். ஊதுவாயைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக்கொள்ளுங்கள். கோர்னெட்டின் ஊதுவாய்த் தண்டு டிரம்பெட்டினுடையதைவிடச் சிறியது. எனவே அதற்குரிய ஊதுவாயும் விலையில் சேருமா என்று கேட்டு வையுங்கள்.

அடுத்து வால்வுகள். மூன்றாவது வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை ஓர் அங்குலம் வெளியே இழுத்து, இரண்டு மூன்று நொடி பொறுத்து, பிறகு வால்வை அழுத்துங்கள். ‘டப்’ என்று ஒலித்தால் காற்று கசியவில்லை. ஒலி எழாவிட்டால் பெரும்பாலும் தேய்மானமே காரணம். முலாம் பூசிச் சரிசெய்யும் செலவு கருவியின் விலையையே எட்டக்கூடும். புதிதாக விட்ட எண்ணெய் கசிவைச் சற்று நேரம் மறைக்கும் என்பதால், கால் மணி நேரம் வாசித்த பின் இதை மறுபடியும் செய்து பாருங்கள். ஊதுவாய் செருகும் குழாயில் செந்நிறத் திட்டுகள் தெரிந்தால், பித்தளையிலுள்ள துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு மட்டும் எஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்தக் குழாய் நெடுநாள் தாங்காது. சிறு ஒடுக்குகளுக்காகக் கவலைப்பட வேண்டாம்.

மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வணிகம் செய்பவரிடம் வாங்கும் பொருளுக்கே பொருந்தும். இதுபோன்ற தனிமனிதர் விற்பனையில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாட முடியாது. எனவே ஒரு வாரம் வைத்துப் பார்த்து, சுருதி சேராவிட்டால் திருப்பித் தருவதாகப் பெரியவரிடம் பேசி, முன்பணம் கொடுக்கும்போதே அதை எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.