பாசியும் சனிக்கிழமையும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதையொட்டி ஒரு சொந்த விஷயம் கேட்கிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். மகள் ஒன்பதாம் வகுப்பு. கொலம்பியா பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் நடத்தும் சயின்ஸ் ஆனர்ஸ் புரோகிராமுக்கு அவளை விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் பரிந்துரை, அப்புறம் நுழைவுத் தேர்வு. தெரிந்தவர்கள் பலர் இதற்கென்றே ஆயிரம் டாலருக்கு மேல் கட்டி கோச்சிங் அனுப்புகிறார்கள். காலேஜ் அட்மிஷனுக்குப் பெரிய பலம் என்கிறார்கள். மகளோ, "நான் இன்னும் பிசிக்ஸே படிக்கலையேப்பா" என்று தயங்குகிறாள்.

பரிந்துரைக்குக் கணித ஆசிரியரைக் கேட்கலாம் என்பது என் எண்ணம். அதில் அவள் 98 வாங்குகிறாள். அவள் உயிரியல் ஆசிரியையிடம்தான் கேட்பேன் என்கிறாள். அந்தப் பாடத்தில் மதிப்பெண் சுமார்தான். ஆனால் பள்ளி விட்ட பிறகும் அந்த லேபிலேயே உட்கார்ந்து, எங்கள் வீட்டு வாசலில் சுரண்டி எடுத்துப்போன பாசியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருப்பாள். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி வேறு இருக்கிறது. அதை நிறுத்துவதா? இவ்வளவும் செய்து இடம் கிடைக்காவிட்டால் உடைந்துபோவாளோ என்றும் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
ஒரு தகப்பன்

*

அன்புள்ள நண்பருக்கு,

பாசி பற்றிய வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கும் அங்கிருந்துதான் பதில் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் பரிந்துரை. உயிரியல் ஆசிரியையிடமே கேட்கட்டும். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருபத்தாறு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். ஒரு வருடம் பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வார இறுதி அறிவியல் வகுப்பு அறிவித்தது. ஒரு பள்ளியிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முதல் இரண்டு ரேங்க்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஒரு பையன் வாசலில் நின்றான். "டீச்சர், என் பேரையும் சேர்க்க முடியுமா?" என்றான். ரேங்க் பார்த்துத்தான் அனுப்புவோம் என்றேன். "சரி டீச்சர்" என்று போய்விட்டான்.

அதற்கு ஒரு மாதம் முன்னால் அவன்தான் வகுப்பில் எழுந்து, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஏன் உறுமுகிறது என்று கேட்டவன். அதில் ஓடுகிற பாகமே கிடையாதே என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. கல்லூரி நாள் புத்தகங்களை எடுத்துத் தேடினேன். காந்தமாகும்போது இரும்பு மிக நுண்ணிய அளவில் நீண்டு சுருங்கும். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நொடிக்கு நூறு முறை நடக்கும். அந்த அதிர்வுதான் உறுமல். என்னைத் தேட வைத்த பையனைப் பற்றி எழுத என்னிடம் ஒரு பக்கம் விஷயம் இருந்தது. ஒரு வரிகூட எழுதவில்லை. அனுப்பிய இரண்டு பேரில் ஒருத்தி டியூஷன் இருக்கிறதென்று மூன்றாம் வாரமே நின்றுவிட்டாள். இன்றும் எங்காவது டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்தால் எனக்கு அந்தப் பையன் நினைவு வரும்.

98 வாங்கியதைச் சொல்ல மதிப்பெண் பட்டியலே போதும். கணித ஆசிரியர் அதையேதான் இன்னொரு முறை எழுதுவார். பள்ளி விட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது அந்த உயிரியல் ஆசிரியைக்கு மட்டும்தான் தெரியும். உங்கள் மகளும் அதைப் புரிந்துகொண்டுதான் அவரைச் சொல்கிறாள்.

அடுத்து கோச்சிங். என் கருத்து, வேண்டாம். தேர்வில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் வரும். அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் ஒன்பதாம் வகுப்பில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல் என்று வரிசை. ஆகவே அவள் தயக்கம் நியாயமானது. ஆனால் அவளைப் போல ஒன்பதிலிருந்து எழுத வருகிற பிள்ளைகள் பலருக்கும் அதே குறைதான். எட்டு வாரத்தில் மூன்று வருடப் பாடத்தைத் திணித்தால் சூத்திரங்கள்தான் மிஞ்சும், அவையும் ஜூன் மாதத்துக்குள் மறந்துபோகும். பொது நூலகத்திலிருந்து நல்ல இயற்பியல் புத்தகம் ஒன்றையும் வேதியியல் புத்தகம் ஒன்றையும் எடுத்து மெதுவாகப் படிக்கட்டும். நியூட்டன் விதிகள், ஆற்றல், எளிய மின்சுற்று, அணு அமைப்பு, மோல். இந்த அளவு புரிந்தால் போதும்.

புரிந்ததா என்று பார்க்க நீங்களே ஒரு கேள்வி கேட்கலாம். இந்த ஒரு லிட்டர் பாட்டிலில் எத்தனை நீர் மூலக்கூறு இருக்கும்? தண்ணீர் ஆயிரம் கிராம். ஒரு மோல் 18 கிராம். அப்படியானால் ஏறக்குறைய 55 மோல். ஒரு மோலில் எத்தனை மூலக்கூறு என்று சொல்வது அவகாட்ரோ எண், ஏறக்குறைய 6-க்குப் பின்னால் 23 சைபர். 55-ஐ அதனால் பெருக்கினால் 33-க்குப் பின்னால் 24 சைபர். இதை அவள் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு காகிதத்தில் போட்டுச் சொன்னால் மோல் அவளுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். தேர்வில் இதே கேள்வி வருமா வராதா என்பது முக்கியமே இல்லை. தேதிகளையும் விதிகளையும் மட்டும் ஒருமுறை அவர்கள் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காலேஜ் அட்மிஷன் பற்றிச் சொன்னீர்கள். இந்தத் திட்டம் தொடங்கியதே ஒரு பயத்தில்தான். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக் என்ற, 84 கிலோகூட இல்லாத ஓர் உலோகப் பந்தை விண்ணில் ஏற்றியது. நாம் பின்தங்கிவிட்டோம் என்று அமெரிக்கா பதறியது. மறுவருடமே கொலம்பியாவில் இந்தச் சனிக்கிழமை வகுப்புகள் தொடங்கின. பயம் போய்விட்டது, சோவியத் நாடும் போய்விட்டது, வகுப்புகள் மட்டும் இருக்கின்றன. கல்லூரிக் கணக்கில் சேரும் கிரெடிட் கிடையாது. ஆராய்ச்சியில் இருப்பவர்களே வந்து இரண்டரை மணி நேரம் பாடம் எடுக்கிறார்கள். அந்த இரண்டரை மணி நேரம் பிடிக்காத பிள்ளைக்கு அங்கே வேறு ஒன்றும் கிடைக்காது. அதனால் விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பு அவளை உட்காரவைத்து அங்கே நடக்கும் பாடங்களின் பட்டியலைக் காட்டுங்கள். அவள் கண் எந்தப் பெயரில் நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றிலும் நிற்கவில்லை என்றால் இந்த வருடம் விட்டுவிடுங்கள். பத்திலும் பதினொன்றிலும்கூட விண்ணப்பிக்கலாம்.

தமிழ்ப் பள்ளி விஷயத்தில் எனக்கு நேரடிப் பதில் இல்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். வகுப்பு பத்து மணிக்கு. எடிசனில் ரயில் ஏறி பென் ஸ்டேஷன், அங்கிருந்து ஒன்றாம் எண் சப்வேயில் 116-ஆம் தெரு. காலை எட்டு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும், திரும்ப மதியம் இரண்டரை ஆகிவிடும். அன்று இன்னொரு வகுப்பைச் செருகாதீர்கள். தமிழ்ப் பள்ளியை விடுவதாக இருந்தால் அந்த முடிவை அவள் எடுக்கட்டும். விட்டாலும் அந்த ரயில் பயணத்தில் நீங்கள் கூடப் போகலாமே. அன்றைய பாடத்தைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். மரபணு, ஈர்ப்பு, சமநிலை எல்லாம் அப்போது தானாக வாயில் வரும்.

கிடைக்காவிட்டால் என்ன என்ற கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இடம் குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம். கிடைக்காமல் போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. அதை இப்போதே அவளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கொலம்பியாவில் இருந்த இயற்பியலாளர் சியன்-ஷியுங் வூவைப் பற்றியும் சொல்லுங்கள். சீனாவிலிருந்து 1936-இல் வந்தவர். இருபது வருடம் கழித்துக் கணவரோடு கப்பலில் கீழ்த்திசைப் பயணம் போக டிக்கெட் எடுத்திருந்தார். அந்த நேரத்தில்தான், இயற்கை இடது வலது பேதம் பார்க்காது என்ற நம்பிக்கை சரியா என்ற கேள்வியை லீ, யாங் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் எழுப்பினார்கள். வூ கணவரை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் நின்றுகொண்டார். கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைக் கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலைவரை, அதாவது அதற்குமேல் குளிரவே முடியாத அளவுவரை, குளிர்வித்து அவரும் வாஷிங்டன் ஆய்வகத்தினரும் சேர்ந்து செய்த சோதனை அந்த நம்பிக்கையை உடைத்தது. 1957-இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் கொடுத்தார்கள். வூவுக்குக் கொடுக்கவில்லை. அது அநியாயம் என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். ஆனாலும் அந்தச் சோதனைக்கு இன்றும் வூ சோதனை என்றுதான் பெயர்.

அவள் சனிக்கிழமைகள் எப்படியும் வீணாகாது. நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம். 1943-இல் அங்கேதான் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார்கள். காசநோயைக் குணப்படுத்திய முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்கும் அந்த நுண்ணுயிர்க் கூட்டம்தான் பெரிய காரணம். வாசல் பாசியைச் சுரண்டுகிற பெண்ணுக்கு இது சொந்த ஊர்க் கதை.

அவளுக்கு ஒரு சின்ன மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுங்கள். கோச்சிங் பணத்தில் ஒரு பங்குதான் ஆகும். பாசியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துக் காலையில் கண்ணாடித் தட்டில் பிழிந்து பார்க்கச் சொல்லுங்கள். எட்டுக் குட்டிக் கால்களோடு, அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒன்று மெதுவாக நடந்துபோனால் அது நீர்க்கரடி. ஒருவேளை அவள் இத்தனை நாளும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.